கிணற்றடியில் கேட்டதை யார் பெயரில் எழுதுவது?

யாழ்ப்பாணத்தில் முதன்முதலாகக் கள ஆய்வுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இறுதி ஆண்டு ஆய்வுக்காகக் கிணறு கிணறாகத் தண்ணீர் எடுக்கப் போகும் கம்பஸ் பிள்ளைகள், கைதடியில் சித்த மருத்துவம் படித்துக்கொண்டு மூலிகை தேடிப் போகிறவர்கள், கடனீரேரியில் இறால் கணக்கெடுக்கப் போகிறவர்கள், பாடசாலைச் செயற்றிட்டம் செய்கிறவர்கள் எல்லாருக்கும் இது உதவும். தண்ணீரை எப்படிப் போத்தலில் அடைப்பது, எந்தக் கருவியால் அளப்பது என்பதை ஆய்வுகூடத்தில் சொல்லித் தருவார்கள். யார் சொன்னதை யார் பெயரில் எழுதுவது, எந்தப் பெயரை மறைப்பது, கடைசியில் கட்டுரையின் தலையில் யார் பெயர் வருவது என்பதை அநேகமாக யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் ஒரு பிழை விட்டேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் முதல் ஆய்வு வலிகாமத்துக் கிணறுகளின் உவர் பற்றியது. ஒரு தோட்டக் கிணற்றடியில் நான் போத்தலைக் கயிற்றில் கட்டி மேல்தண்ணீரை அள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற வயதான ஐயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, மேல்தண்ணியை அள்ளி ஒண்டும் அறியேலாது. இறைப்பு முடிஞ்ச கையோட அடியில இருந்து எடும். பிறகு விடியப்புறம் வந்து இன்னொருக்கா எடும். ரண்டும் ஒரே தண்ணியோ எண்டு பாரும்" என்றார்.

அப்படியே செய்தேன். இறைப்பு முடிந்ததும் எடுத்த தண்ணீர் தெளிவாக உவர்த்தது. விடிகாலையில் எடுத்ததில் அது குறைந்திருந்தது. என் ஆய்வேட்டில் உருப்படியான பகுதி என்றால் அதுதான். ஆனால் நான் எழுதிய வரி இது: "உள்ளூர்த் தகவல்களின் அடிப்படையில் மாதிரி எடுக்கும் நேரம் மாற்றியமைக்கப்பட்டது." ஆய்வேட்டில் ஒரு பிரதியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பேத்தியைக் கூப்பிட்டு, "நான் சொன்னது எந்தப் பக்கத்தில இருக்கெண்டு பார்த்துச் சொல்லு பிள்ளை" என்றார். அவள் தேடிக் களைத்த பிறகு நானே அந்த வரியைக் காட்டினேன். "உள்ளூர்த் தகவல் எண்டால் ஆர்?" என்று கேட்டார்.

அவருக்குரிய மரியாதையைக் கொடுக்கவில்லை என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, வாசிக்கிறவருக்கு நான் ஒன்றுமே சொல்லாமல் விட்டது. அந்த யோசனையைத் தந்தவர் அதே கிணற்றில் நாற்பது வருடம் இறைத்தவரா, வழியில் கண்ட யாரோ ஒருவரா? என் ஆய்வேட்டை வைத்து அதை அறியவே முடியாது. அவருடைய அனுபவத்தை அழித்தபோது என் ஆதாரத்தின் தரத்தையும் சேர்த்தே அழித்திருந்தேன்.

போவதற்கு முன்: நம் கிணறுகளின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி, உள்ளே புகுந்திருக்கும் கடல்நீருக்கு மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியது. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து நன்னீரின் மட்டம் ஒரு சாண் இறங்கினால், அடியில் உவர்நீர் நாற்பது சாண் மேலே ஏறப் பார்க்கும். வெடிப்பும் குகையும் நிறைந்த நம் கல்லில் இந்தக் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனாலும் கிணற்றடி ஐயா சொன்னதன் காரணம் இதற்குள்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கைப் பாடப்புத்தகங்கள் கைபன்–ஹேர்ஸ்பேர்க் விதி என்கின்றன. ஒல்லாந்தில் 1889 இல் வந்த அறிக்கையை எழுதியவர்கள் இருவர்: டிராப், படோன் கைபன். டிராபின் பெயர் விதியில் ஒட்டவில்லை. ஹேர்ஸ்பேர்க் 1901 இல் வடகடல் தீவுகளின் குடிநீரை ஆராய்ந்து, தனியாக இதே முடிவுக்கு வந்தார். இவர்கள் எல்லாருக்கும் முன்பே, 1828 இல், அமெரிக்காவின் வெஸ்ற் பொயின்ற் இராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜோசப் டு கொம்மன் என்பவர் கடலோரக் கிணறுகளை வைத்து இந்தச் சமநிலையை எழுதி வெளியிட்டிருந்தார். எழுதி அச்சிட்டவருக்கே இந்தக் கதி என்றால், சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் திரும்பிப் போகிறவரின் நிலைமையை யோசியுங்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு புதுக் கொப்பி வாங்குங்கள். ஒற்றைகள் தைத்த கொப்பியாக இருக்கட்டும், கழற்றிப் பூட்டுகிற கோப்பு வேண்டாம். பென்சில் வேண்டாம், பேனையால் எழுதுங்கள்.

களத்தில்: சொன்னதை மட்டும் எழுதினால் போதாது

ஒருவர் சொல்வதை எழுதும்போது, அவருக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கண்ணால் கண்டதா, கையால் செய்ததா, தகப்பன் சொல்லிக் கேட்டதா, சங்கக் கூட்டத்தில் யாரோ சொன்னதா? எத்தனை வருடமாக? எந்த இடத்தில்? எத்தனை தடவை? இவற்றுக்குப் பக்கத்தில் இடம் விட்டுக் கோடு போட்டுவிட்டே வீட்டிலிருந்து புறப்படுங்கள். களத்தில் நின்று கோடு போட நேரம் கிடைக்காது.

வருடம் கேட்கும்போது ஒரு வழி சொல்கிறேன். "எந்த ஆண்டு?" என்று கேட்டால் பலருக்கும் சட்டென்று வராது. "இடப்பெயர்வுக்கு முன்னமோ பிறகோ?" என்று கேளுங்கள். 1995 யாருக்கும் மறக்காது. 2004 சுனாமி, 2008 நிஷா புயல் வெள்ளம் இரண்டும் நல்ல அடையாளக் கற்கள். வயதானவர்களிடம் 1964 புயலையும் கேட்கலாம். "நிஷா வெள்ளம் வடிஞ்ச பிறகு ரண்டு மாரி போச்சுது, அதுக்குப் பிறகுதான் இந்தக் கிணறு சவர்க்கத் துவங்கினது" என்று பதில் வந்தால், அதிலிருந்து ஆண்டை நீங்களே பிடித்துவிடலாம்.

இன்னொன்றையும் இங்கே மறக்கக்கூடாது. "நாற்பது வருட அனுபவம்" என்று எழுதுவதற்கு முன் அந்த நாற்பதுக்குள் எத்தனை வருடம் அவர் அந்தக் காணியில் இருந்தார் என்று கேட்கவேண்டும். வலிகாமம் வடக்கில் 1990 இல் வெளியேறியவர்கள் பலர் இருபது வருடத்துக்கு மேல் தங்கள் கிணற்றைப் பார்க்கவே இல்லை. அவர்களின் அனுபவம் பெறுமதி குறைந்தது என்று நான் சொல்லவில்லை. முன்பு இருந்த தண்ணீரையும் திரும்பி வந்தபோது கண்ட தண்ணீரையும் ஒப்பிட்டுச் சொல்ல அவர்களை விட்டால் வேறு ஆளில்லை. ஆனால் இடையில் நடந்ததற்கு அவர்கள் சாட்சி இல்லை. இந்த இடைவெளியைக் கொப்பியில் குறித்துவையுங்கள். கேட்கும்போது பார்த்துக் கேளுங்கள். அது வெறும் கணக்கு அல்ல, அவர்களுடைய வீடு போன கதை. அவர்கள் பேச விரும்பினால் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

கடலோரத்திலும் இதே முறைதான். சிறகுவலை கட்டுகிறவரிடம் மாரி மழையில் கடனீரேரி கலங்கும்போது இறால் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால், அவர் தன் வலை நிற்கும் இடத்தை வைத்துத்தான் சொல்வார். சோளகக் காலத்தில் அவர் வேறு இடத்துக்குப் போகிறவரா என்று கேளுங்கள். சம்மாட்டி சொல்வதும் வலை இழுக்கிறவர் சொல்வதும் வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். ஒருவர் விலையை வைத்து ஞாபகம் வைத்திருப்பார், மற்றவர் வலையின் பாரத்தை வைத்து. மீன் சுத்தம் செய்யும் பெண்களிடமும் கேட்க மறக்காதீர்கள். எந்த மாதத்தில் எந்த மீனின் வயிற்றில் சினை இருக்கிறது என்று நாளாந்தம் பார்ப்பவர்கள் அவர்கள்.

அனுபவம் உள்ளவர் சொன்னார் என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது. எங்கே பார்க்கவேண்டும், எப்போது பார்க்கவேண்டும் என்பதை அனுபவம் காட்டித் தரும். அதற்குப் பிறகு அளந்து பார்ப்பது உங்கள் வேலை. அளந்ததில் அவர் சொன்னது பிழைத்தால் அதையும் நேர்மையாக எழுதுங்கள், ஆனால் முதலில் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். பல வேளை, நீங்கள் அளந்த இடம்தான் பிழை என்று அவர் காட்டித் தருவார்.

பெயர் போடுவதா, மறைப்பதா?

அதைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல, சொன்னவர். அதனால் கேளுங்கள். கதைத்து முடிந்த பிறகு கேட்பது நல்லது, ஏனென்றால் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும். "ஐயா, நீங்கள் சொன்னதை என் ஆய்வில் எழுதப் போகிறேன். உங்கள் பெயரைப் போடட்டோ, ஊரையும் தொழிலையும் மட்டும் போடட்டோ, அல்லது ஒன்றுமே போடாமல் விடட்டோ?" இந்த மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். பெயர் போடலாமா என்று மட்டும் கேட்டால், முகத்துக்காக ஓம் என்று சொல்லிவிடுவார்கள். அச்சுக்குப் போகுமுன் இன்னொரு தடவை கேளுங்கள். மனம் மாறியிருந்தால் ஏன் என்று கேட்கவேண்டாம்.

நம் ஊரில் பெயர், விலாசம் எழுதிக்கொண்டு போகிறவரைக் கண்டு தயங்குவதற்குக் காரணம் உண்டு. அந்தத் தயக்கத்தை மதியுங்கள். தேசிய அடையாள அட்டை இலக்கம் உங்கள் ஆய்வுக்குத் தேவையே இல்லை, கேட்கவேண்டாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பது பல காலமாகத் தெரிந்த பிரச்சினை. உரமும் எருவும் மலக்குழிக் கசிவும் ஓட்டை விழுந்த கல்லுக்குள் இலகுவாக இறங்கிவிடுகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நீங்கள் எடுத்த தண்ணீர் அதைத் தாண்டினால், உங்களுக்கு அது ஒரு புள்ளி. அந்த வீட்டுக்காரருக்கு அது காணியின் விலை, மகளுக்குச் சீதனமாக எழுதவிருந்த வீடு, அயலட்டையின் கதை. ஆகவே கிணற்றுத் தரவில் பெயரை மறைப்பதையே வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மறைப்பதென்றால் பெயரை நீக்குவதோடு முடியாது. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். இலக்கத்தையும் பெயரையும் சேர்த்து எழுதிய பட்டியல் வேறு கொப்பியில், வேறு இடத்தில் இருக்கவேண்டும். போனில் வைக்கவேண்டாம், வட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். வரைபடத்தில் ஆள்கூறுகளை நான்கு தசமத் தானத்துக்குப் போட்டால் ஏறக்குறைய 11 மீற்றருக்குள் இடம் தெரிந்துவிடும், அதாவது வீட்டுப் படலையே தெரியும். இரண்டு தசமத் தானத்தோடு நிறுத்தினால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் அளவில்தான் தெரியும். படம் போடுவதாக இருந்தால் கிணற்றுக்கட்டு, மதில், துலாக்கால் எதுவும் அடையாளம் காட்டாதபடி பாருங்கள். "கோயிலடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர், மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன்" என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் விட்டால் ஊரே சிரிக்கும். இங்கே ஒரு கோயிலடியில் ஒரு தபாலதிபர்தான் இருப்பார்.

பெயரை மறைத்தாலும் அனுபவத்தை மறைக்கக்கூடாது. "வலிகாமம் கிழக்கில் 30 ஆண்டுகளுக்கு மேல் வெங்காயம் செய்யும் ஒருவர்" என்று எழுதினால் ஆளும் தெரியாது, சொல்லின் எடையும் குறையாது.

பெயரில்லாமல் வருவதும் கடைசிவரை நிலைக்கக்கூடும். கம்பஸில் இரண்டு பாத்தி வெங்காயத்தின் விளைச்சலை ஒப்பிட எல்லாரும் போடும் ஸ்டூடன்ட் ரீ (t) சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடன்ட் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார் என்றே நானும் வெகு காலம் நினைத்திருந்தேன். அது வில்லியம் கொசெற் என்பவரின் புனைபெயர். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை செய்தவர். பார்லியையும் வடிப்பையும் நாளாந்தம் கையாண்டவர் என்பதால், நாலைந்து மாதிரிகளை மட்டும் வைத்து நம்பத்தக்க முடிவு எடுப்பது எப்படி என்ற கேள்வி அவருக்கு வேலையிலேயே பிறந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் வெளியிட ஆலை விடவில்லை. 1908 இல் "ஸ்டூடன்ட்", அதாவது மாணவர், என்ற பெயரில் வெளியிட்டார். பெயரைப் பார்த்து அல்ல, கணக்கைப் பார்த்துத்தான் உலகம் அதை ஏற்றுக்கொண்டது.

இதோடு என் நிலைப்பாடு ஒன்றைச் சொல்லவேண்டும். தன் கிணற்றைப் பற்றி, தன் உடலைப் பற்றி, தன் தொழிலைப் பற்றிச் சொல்கிறவருக்கு மறைந்திருக்க உரிமை உண்டு. ஆனால் "இந்தத் தண்ணீரைக் குடிக்கலாம்", "இந்த மருந்தை அடிக்கலாம்" என்று மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்கிற நிபுணருக்கு அந்த உரிமை இல்லை. ஊரின் ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கும் ஆலோசனைக்குக் கீழே பெயரும் கையொப்பமும், எந்த அளவீட்டை வைத்துச் சொன்னார் என்பதும் இருக்கவேண்டும். நீங்கள் பட்டம் பெற்று அந்தக் கதிரையில் இருக்கும் நாளிலும் இதை மறக்காதீர்கள்.

வைத்தியர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

பரம்பரை வைத்தியரிடம் போகும்போது, எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். தலைமுறையாகக் காத்த ஒரு எண்ணெயின் செய்முறையை உங்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் போட்டுவிட்டால் அதைத் திருப்பி எடுக்கமுடியாது.

எழுதாமல் விட்டால் வரும் ஆபத்தையும் அவருக்குச் சொல்லுங்கள். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995 இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவ நிலையத்துக்குக் காப்புரிமை கொடுக்கப்பட்டது. நம் வீடுகளில் பாட்டிமார் எல்லாரும் செய்தது. ஆனால் பாட்டிமார் செய்தார்கள் என்று சொல்லி அதை முறியடிக்க முடியவில்லை. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய சமஸ்கிருத நூலையும், 1953 இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் எடுத்துக் காட்டிய பிறகே 1997 இல் அது இரத்தானது. அச்சிலிருந்த எழுத்துத்தான் காப்பாற்றியது. ஆகவே வைத்தியர் சம்மதித்தால், ஊரறிந்த பொதுப் பிரயோகத்தைத் தேதியோடும் பெயரோடும் எழுதி வெளியிடுவது அவருக்கே பாதுகாப்பு. குடும்பத்தின் தனிச் செய்முறையை விட்டுவிடுங்கள். எது எந்த வகை என்பதை அவரே சொல்லட்டும்.

உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்

மோட்டார் சைக்கிளில் ஏற்றி, ஒவ்வொரு படலையிலும் "இது எங்கட பிள்ளைதான்" என்று சொல்லிக் கதவு திறக்கவைக்கிறாரே, அவர் பெயரையும் எழுதுங்கள். மொழிபெயர்த்து உதவுகிறவரையும்தான். மானிப்பாயில் 1848 இல் மருத்துவமனை தொடங்கி, தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீனை இன்றும் நினைக்கிறோம். அவர் காலத்துத் தமிழ் மருத்துவ நூல்கள் பலவற்றில் மொழிபெயர்ப்புப் பாரத்தைச் சுமந்தவர்கள் அவரிடம் படித்த தமிழ் மாணவர்கள். அவர்களின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

கட்டுரையின் தலையில் யார் பெயர்?

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் அதிகம் மனம் நோகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த அளவுகோலை மற்றத் துறைகளும் பெரும்பாலும் மதிக்கின்றன. ஆய்வைத் திட்டமிட்டதிலோ தரவைத் திரட்டியதிலோ அலசியதிலோ கணிசமான பங்கு வேண்டும். எழுதியதில் அல்லது ஆழமாகத் திருத்தியதில் பங்கு வேண்டும். கடைசி வடிவத்துக்குச் சம்மதம் சொல்லியிருக்கவேண்டும். எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி வந்தாலும் பொறுப்பேற்க உடன்பட்டிருக்கவேண்டும். நான்கும் இருந்தால் ஆசிரியர், குறைந்தால் நன்றியுரை. பணம் பெற்றுக் கொடுத்தது மட்டும், பிரிவுத் தலைவராக இருப்பது மட்டும் ஆசிரியராவதற்குப் போதாது. இதில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு, எழுதுவதிலும் திருத்துவதிலும் கடைசி வடிவத்துக்குச் சம்மதம் சொல்வதிலும் பங்கெடுக்கும் வாய்ப்பைக் கொடுக்கவேண்டும். வெயிலில் நின்று தரவு எடுத்த மாணவிக்கு வரைவையே அனுப்பாமல் இருந்துவிட்டு, "நீ எழுதுவதில் பங்கெடுக்கவில்லை" என்று பெயரை நீக்குவது சரியல்ல.

இதைத் தொடக்கத்திலேயே பேசவேண்டும். சேரிடம் பெயரைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது மரியாதைக் குறைவு இல்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சேர், இந்த வேலை கட்டுரையாக வந்தால் யார் யார் பெயர், எந்த வரிசையில் வரும் என்று இப்பவே ஒருக்கா எழுதி வைப்பமா? பிறகு வேலை மாறினால் மாத்தலாம்." நல்ல மேற்பார்வையாளர் இதை விரும்புவார். அவர் சொன்னதை அன்றைக்கே ஒரு சின்ன மின்னஞ்சலில், "இன்று கதைத்தபடி" என்று தொடங்கி அனுப்பிவிடுங்கள். சண்டைக்காக அல்ல, இருவருக்கும் ஞாபகத்துக்காக.

மேலே இருப்பவர் நேர்மையாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 1912 இல் ஹார்வர்ட் வான் ஆய்வகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை ஒன்றைச் சொல்வேன். ஒளி கூடிக் குறையும் மாறொளி விண்மீன்களின் பிரகாசத்துக்கும், அப்படி ஒருமுறை கூடிக் குறைய எடுக்கும் காலத்துக்கும் உள்ள தொடர்பை அது அறிவித்தது. பின்னாளில் பேரண்டத்தின் தூரங்களை அளக்க உதவியது அந்தத் தொடர்பு. கையொப்பம் இயக்குநர் பிக்கரிங்குடையது. ஆனால் முதல் வரியே இதைத் தயாரித்தவர் மிஸ் லெவிற் என்று சொல்கிறது. அந்த ஒரு வரி இருந்தபடியால்தான் ஹென்றியெற்றா லெவிற்றின் பெயர் இன்று அந்த விதியோடு நிற்கிறது. தலைப்பில் அவர் பெயரே வந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம், ஆனாலும் அந்த வரியின் பலத்தைக் குறைத்து நினைக்கமாட்டேன்.

வரி எழுத ஆளில்லாமல் போயிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எட்மண்ட் அல்பியஸ். இந்துமாக்கடலின் ரியூனியன் தீவில் அடிமையாக இருந்த 12 வயதுச் சிறுவன். மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த வனிலாக் கொடி அங்கே பூத்தது, காய்க்கவில்லை. 1841 இல் இந்தச் சிறுவன் ஒரு ஈர்க்கும் பெருவிரலும் கொண்டு பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் விரைவான முறையைக் கண்டான். இன்றும் வனிலாத் தோட்டங்களில் அதே கைவேலைதான். பின்னர் ஒரு பெயர்பெற்ற தாவரவியலாளர் அது தான் காட்டிக்கொடுத்த முறை என்று உரிமை கோரினார். சிறுவனை வைத்திருந்த தோட்டக்காரர் பெல்லியே-போமோன், இது எட்மண்டுடையதே என்று கடிதம் எழுதி நிறுத்தினார். பெயர் தப்பியது. பணமும் வசதியும் அவனை எட்டவில்லை, 1880 இல் வறுமையில்தான் இறந்தான்.

ஆகவே நன்றியுரையை வாய்ப்பாடாக எழுதவேண்டாம். "உதவிய அனைவருக்கும் நன்றி" என்பது யாருக்கும் போய்ச் சேராது. என் ஆய்வேட்டில் நான் இப்படி எழுதியிருக்கவேண்டும்: "இறைப்பு முடிந்ததும் அடித்தண்ணீரையும், மறுநாள் விடிகாலை மீண்டும் ஒரு முறையும் எடுக்கும்படி சொன்னவர், அக்கிணற்றில் நாற்பது ஆண்டுகள் இறைத்த இன்னார், நேரில் சொன்னது, இன்ன தேதி." யார், என்ன, எப்படித் தெரியும், எப்போது. ஆய்வுகூட உதவியாளருக்கும் அப்படியே: எந்தக் கருவியை அவர் சரிசெய்து தந்ததால் எந்த அளவீடு கிடைத்தது என்று எழுதுங்கள். தோட்டக்காரர் ஒருவர் திட்டமிட்டதிலும் தரவு எடுத்ததிலும் முழுதாக நின்றிருந்தால், வரைவைத் தமிழில் வாசித்துக் காட்டித் திருத்தம் கேட்டு, அவரையும் ஆசிரியராகச் சேருங்கள். பட்டம் வேண்டும் என்று மேலே சொன்ன நான்கில் எங்கும் இல்லை.

ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் ஓர்கிட் (ORCID) இலக்கம் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். 16 எழுத்து இலக்கம், இலவசம். நம் பெயர்களைத் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு ஒருமுறையும், முழுதாக ஒருமுறையும், வேறு எழுத்துக்கூட்டலில் ஒருமுறையும் எழுதுவதால் ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். இந்த இலக்கம் இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

பெயர் தெரியாத மதிப்பீட்டாளரிடமிருந்து கடிதம் வந்தால்

கட்டுரையை இதழுக்கு அனுப்பினால் பெயரில்லாத இரண்டு மூன்று பேரின் கருத்து வரும். முதல் தடவை மனம் உடையும். ஒரு நாள் மூடி வையுங்கள். அப்புறம் எடுத்து, ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே ஆதாரம் சொல்கிறாரா, இல்லையா என்று குறியுங்கள். ஆள் யார் என்று ஊகிக்கப் போகவேண்டாம், பெரும்பாலும் பிழையாகத்தான் ஊகிப்போம். கிணற்றடி ஐயாவின் சொல்லை எப்படி எடுத்தீர்களோ அப்படியே எடுங்கள்: காட்டிய இடத்தில் போய் அளந்து பாருங்கள். உண்மையாகவே உதவியிருந்தால் நன்றியுரையில் "பெயரறியாத மதிப்பீட்டாளர் ஒருவர்" என்று, எந்த யோசனைக்காக என்பதோடு எழுதலாம்.

எழுதியவரின் பெயரையும் மறைத்து மதிப்பிடும் இதழ்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் இளையவருக்கு அது நல்லது என்பதே என் கருத்து. ஹபிள் விண்தொலைநோக்கியில் நேரம் கேட்டு வரும் விண்ணப்பங்களை 2018 முதல் பெயர் மறைத்து மதிப்பிடத் தொடங்கினார்கள். அந்தச் சுற்றிலேயே பெண்கள் தலைமை தாங்கிய விண்ணப்பங்களின் வெற்றி வீதம் ஆண்களுடையதைத் தாண்டியது. அதற்கு முன் கணக்கெடுத்த சுற்றுகளில் அப்படி நடந்ததில்லை. அப்படிப்பட்ட இதழுக்கு அனுப்பும்போது நன்றியுரையையும் நிறுவனத்தின் பெயரையும் தனித்தாளில் வைக்க மறக்கவேண்டாம்.

திரும்பிப் போவது

முடிவு வந்ததும் கட்டுரைக்கு முன் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். ஒரு துண்டில் அவருடைய கிணற்றின் இலக்கம், தேதி, அளவு, வரம்பு 50 என்பதைத் தமிழில் எழுதி, கையிலேயே கொடுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடும் என்பதையும் சொல்லுங்கள். பலர் கொதித்தாறிய நீர் என்று நம்பிக் குழந்தைக்குப் பால்மா கரைக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீடு என்றால் அடுத்த நாள் வரை காத்திருக்கவேண்டாம், அன்றைக்கே போங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போகவேண்டுமா என்பதை அவரோடு கதைத்து முடிவெடுங்கள்.

ஆய்வேடு அச்சானதும் அவர் சொன்னது வரும் பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டை வைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் அந்தப் பந்தியை மட்டுமாவது தமிழில் எழுதி உள்ளே வையுங்கள். பேத்தி வாசித்துக் காட்டட்டும்.